நீல் வார்னாக் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு இரவுகளில் நண்பர்களோடு உட்கார்ந்து பிரீமியர் லீக் பார்ப்பது என் பழக்கம். மெஸ்ஸி, ரொனால்டோ, கார்டியோலா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நான் நீல் வார்னாக் பெயரைச் சொல்லிவிடுவேன், அவ்வளவுதான், அதே கேள்விகள் வரிசையாக வரும். வருஷக்கணக்கில் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு இதையே நீட்டிவிடலாம்.

யாருங்க இந்த நீல் வார்னாக்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்காரர், இரும்பாலைகளுக்குப் பெயர்போன ஊர். 1948 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்தவர். 1967 முதல் 1979 வரை எட்டு சின்ன கிளப்புகளில் விங்கராக, அதாவது மைதான ஓரமாக ஓடித் தாக்குகிறவராக, ஆடினார். 1980-இல் அணியை நடத்துகிற மேனேஜர் வேலையில் இறங்கியவர் இடையிடையே நிறுத்திவிட்டேன் என்று சொன்னாலும் 2024 வரை அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். மொத்தம் பதினேழு கிளப்புகள், அதில் மூன்றில் இரண்டு தடவை.

பெரிய கோப்பை எதுவும் ஜெயித்ததில்லை, அதனால்தான் நீங்கள் கேள்விப்படவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் இங்கிலாந்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒன்று, எட்டு முறை தன் அணியை மேல் டிவிஷனுக்கு ஏற்றியிருக்கிறார். இன்னொன்று, மேனேஜராக நின்ற ஆட்டங்களின் எண்ணிக்கை. டாரியோ கிராடி 1,601 ஆட்டங்களோடு வைத்திருந்த சாதனையை, 2021 நவம்பரில் மிடில்ஸ்பரோ மேனேஜராக இருந்தபோது தாண்டினார். தாண்டிய அதே வாரத்தில் அந்த வேலையும் போயிற்று, அது தனிக் கதை.

ஜர்னிமேன் என்கிறார்களே, அது திட்டா, பாராட்டா?

சொல்பவரின் குரலைப் பொறுத்தது. அந்தச் சொல் முதலில் கைத்தொழிலில் இருந்து வந்தது. தொழில் கற்று முடித்தவன், ஆனால் சொந்தப் பட்டறை இல்லை, கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கே போய் வேலை செய்வான். கால்பந்தில் அது கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரருக்கு ஒட்டிக்கொண்டது. மோசமான ஆட்டக்காரர் என்று அர்த்தமில்லை, மோசமாக ஆடினால் அடுத்த கிளப் ஏன் கூப்பிடப்போகிறது? அதே சமயம் எந்தக் கிளப்பும் பிடித்து நிறுத்திக்கொள்கிற அளவுக்குப் பெரிய ஆளும் இல்லை.

வார்னாக்கின் பட்டியலைப் பாருங்கள்: செஸ்டர்ஃபீல்ட், ராதரம், ஹார்ட்டில்பூல், ஸ்கன்தார்ப், ஆல்டர்ஷாட், பார்ன்ஸ்லி, யார்க் சிட்டி, குரூ அலெக்ஸாண்ட்ரா. முந்நூறுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள், எல்லாமே மூன்றாம், நான்காம் டிவிஷனில். அதற்கு மேலே ஒரு ஆட்டம்கூட இல்லை. அந்தக் காலத்தில் அந்த மட்டத்தில் ஆடியவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடப் பணம் தேறாது, கைவசம் இன்னொரு தொழில் வேண்டும். இவர் பாத வைத்தியம் படித்தார், அதாவது கால் ஆணி, நகக் கோளாறு மாதிரியானவற்றுக்குச் சிகிச்சை செய்கிற தொழில். கால்பந்துக்காரர் கால் வைத்தியரானது பொருத்தம்தான்.

எட்டு பிரமோஷன் என்கிறீர்களே, அது என்ன கணக்கு? ஆபீஸ் பிரமோஷன் மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் பதவி உயர்வது கிளப்புக்கு. இங்கிலாந்தில் நான்கு டிவிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. உச்சியில் பிரீமியர் லீக், இருபது அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு. ஆக 92 கிளப்புகள். சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தால் நேராக மேலே. அதற்கடுத்த இடங்களில் வந்த சில அணிகளுக்குள் பிளேஆஃப் என்ற தனிப்போட்டி வைத்து, அதில் ஜெயிக்கும் ஒரே அணி மேலே போகும். கடைசி இடங்களில் இருப்பவர்கள் கீழே இறங்க வேண்டும். டிவிஷன்களின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, ஏணி மாறவில்லை.

இவருடைய எட்டு: 1987-இல் ஸ்கார்பரோ, 1990, 1991 இரண்டு வருஷமும் நாட்ஸ் கவுன்ட்டி, 1995-இல் ஹடர்ஸ்ஃபீல்ட், 1996-இல் பிளிமத், 2006-இல் ஷெஃபீல்ட் யுனைடெட், 2011-இல் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 2018-இல் கார்டிஃப். இதில் நான்கு பிளேஆஃப் வழியாக வந்தவை, அந்த நான்கு இறுதி ஆட்டமும் வெம்ப்ளி மைதானத்தில். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே முப்பத்தோரு வருஷம் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வேன். அந்த இடைவெளியில் ஆட்டமே மாறிவிட்டது. சொந்த அணிக்காரர் காலால் பின்னால் தள்ளும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக்கூடாது என்ற விதி வந்தது, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், டிவி பணம் வந்தது. இந்த மனுஷர் மட்டும் டச்லைனில், மைதான ஓரக் கோட்டில், அப்படியே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

அவர் ஆரம்பித்தது நான்-லீக்கிலாமே? அது நம்ம ஊர் டோர்னமென்ட் மாதிரியா?

அப்படி இல்லை. மேலே சொன்ன 92-க்குக் கீழேயும் ஏணி இறங்கிக்கொண்டே போகும், அதைத்தான் நான்-லீக் என்பார்கள். பல ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். வார்னாக் 1980-இல் கெய்ன்ஸ்பரோ டிரினிட்டியில் தொடங்கி, அடுத்த வருஷம் பர்ட்டன் ஆல்பியனுக்குப் போய் ஐந்து வருஷம் இருந்தார்.

பர்ட்டனில் ஒரு சம்பவம், இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரியும். 1985 ஜனவரியில் சின்ன, பெரிய கிளப்புகள் எல்லாம் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில், அன்றைய உச்ச டிவிஷனான முதல் டிவிஷன் அணி லெஸ்டர் சிட்டி எதிரணி. சொந்த மைதானம் சின்னது என்பதால் ஆட்டத்தை டெர்பிக்கு மாற்றினார்கள். கூட்டத்திலிருந்து எவனோ எறிந்த மரக்கட்டை பர்ட்டன் கோல்கீப்பர் தலையில் பட்டது, அவர் தள்ளாடிக்கொண்டே தொடர்ந்து ஆடினார், லெஸ்டர் 6-1 என்று ஜெயித்தது, கேரி லினெக்கர் மூன்று கோல். பிறகு அந்த ஆட்டம் செல்லாது என்று அறிவித்து, கவன்ட்ரியில் ஒரு ரசிகர்கூட இல்லாத மைதானத்தில் மறுபடி நடத்தினார்கள். அதில் பர்ட்டன் 1-0 என்றுதான் தோற்றது.

அடுத்தது ஸ்கார்பரோ. 1987 வரை நான்-லீக் கிளப் மேலே வர வேண்டுமானால் லீக் கிளப்புகள் ஓட்டுப் போட்டுச் சேர்க்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் காப்பாற்றிக்கொள்வார்கள். அந்த வருஷம்தான் முதல் இடம் பிடித்தால் நேராக உள்ளே என்ற விதி வந்தது. அந்த விதியில் நுழைந்த முதல் கிளப் வார்னாக்கின் ஸ்கார்பரோ, வெளியே போனது லிங்கன் சிட்டி. லீக்கில் அவர்களுடைய முதல் ஆட்டமே வுல்வ்ஸோடு, 2-2 டிரா, கூடவே கலவரம். வுல்வ்ஸ் ரசிகர் ஒருவர் மைதானக் கூரை மேலே ஏறி அது உடைந்து கீழே விழுந்தார். இந்த மனுஷர் எங்கே கால் வைத்தாலும் ஏதாவது நடக்கும்.

நாட்ஸ் கவுன்ட்டி, நாட்ஸ் கவுன்ட்டி என்கிறீர்களே, அங்கே அப்படி என்ன பெரிதாகச் செய்தார்?

நாட்ஸ் கவுன்ட்டி 1862-இல் தொடங்கிய கிளப், உலகத்திலேயே பழைய தொழில்முறை கால்பந்துக் கிளப். 1989 ஜனவரியில் வார்னாக் வந்தபோது மூன்றாம் டிவிஷனில் கிடந்தது. 1990 பிளேஆஃப் இறுதியில் டிரான்மியரை 2-0, 1991-இல் பிரைட்டனை 3-1. இரண்டே வருஷத்தில் இரண்டு படி ஏறி உச்ச டிவிஷன். மூன்றாம் டிவிஷனுக்கு மேல் ஆடியே அறியாத ஒருவர் அப்படி ஒரு அணியை லிவர்பூல், ஆர்சனலோடு ஆடவைத்தார்.

ஆனால் 1992-இல் இறங்கிவிட்டார்கள். இறங்கிய வருஷத்தைக் கவனியுங்கள். அடுத்த சீசனில் இருந்துதான் பிரீமியர் லீக், டிவி ஒப்பந்தம், பண மழை எல்லாம் தொடங்கியது. ஒரே ஒரு வருஷம் முந்திப் பிறந்த குழந்தை மாதிரி. அந்தச் சமயத்தில் செல்சி தன்னைக் கூப்பிட்டதாகவும், ஆட்களை விட்டுப் போக மனமில்லாமல் மறுத்ததாகவும் அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அந்த விசுவாசத்துக்குக் கிடைத்தது 1993 ஜனவரியில் வேலை நீக்கம்.

ஒரு இடத்தில்கூட நிலையாக நிற்கவில்லையே, அவரிடம்தானே ஏதோ கோளாறு?

நியாயமான சந்தேகம்தான், ஆனால் பாதிதான் சரி. இங்கிலாந்தில் மேனேஜர் வேலை என்பது வாடகை வீடு மாதிரி, வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார். நான்கு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட தொழிலில் ஷெஃபீல்ட் யுனைடெட்டில் ஏழரை வருஷம், கார்டிஃபில் மூன்று வருஷம் இருந்தவரை நிலையில்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

மற்ற பாதிக்கு வருகிறேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1995-இல் ஹடர்ஸ்ஃபீல்டை வெம்ப்ளியில் ஏற்றிவிட்டு, கொண்டாட்டம் அடங்குவதற்குள் ராஜினாமா செய்து இரண்டு டிவிஷன் கீழே இருந்த பிளிமத்துக்குப் போனார். அடுத்த வருஷமே டார்லிங்டனை 1-0 என்று தோற்கடித்து பிளிமத்தையும் ஏற்றினார். ஒன்பது மாதத்தில் அங்கே வேலை போனது. முதலாளிகளோடு உரசல் அவருக்குக் கூடவே பிறந்தது.

சில இடங்களில் வெறும் துரதிர்ஷ்டம். 1999-இல் அவர் மேனேஜராக இருந்த பெரி கிளப் இறங்கியதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். போர்ட் வேலும் பெரியும் சமமான பாயிண்ட், கோல் வித்தியாசத்தில், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால், பெரி அணிதான் மேலே. ஆனால் அந்த வருஷங்களில் லீக்கில் விதி வேறு, சமம் என்றால் யார் அதிக கோல் போட்டார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் பெரி கீழே போனது. அந்த விதியும் அதோடு போயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் 2007 பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

ஆட்டக்காரர்கள் தீர்ந்துபோய் மேட்ச் நின்றது என்று ஒரு கதை சொல்வீர்களே, அது நிஜமா?

நிஜம். 2002 மார்ச் 16, ஷெஃபீல்ட் யுனைடெட்டின் பிராமல் லேன் மைதானம், எதிரணி வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். ஒன்பதாவது நிமிஷத்திலேயே யுனைடெட் கோல்கீப்பர் சைமன் டிரேசி பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்தைக் கையால் தடுத்து ரெட் கார்டு வாங்கினார். இரண்டாம் பாதியில் வார்னாக் ஜார்ஜ் சான்டோஸ், பாட்ரிக் சஃபோ இருவரையும் மாற்று ஆட்டக்காரர்களாக இறக்கினார். சான்டோஸ் இறங்கிய கையோடு ஆண்டி ஜான்சன் மேல் பாய்ந்தார். முந்தைய வருஷம் வேறு கிளப்பில் இருந்த அதே ஜான்சனோடு மோதியதில்தான் சான்டோஸின் முகத்தில் எலும்பு முறிந்திருந்தது, பழைய கணக்கு. அந்தக் களேபரத்தில் சஃபோ எதிரணித் தலைவரைத் தலையால் முட்டினார். இரண்டு ரெட் கார்டு.

இப்போது எட்டுப் பேர். மூன்று மாற்று ஆட்டக்காரர்களும் இறங்கியாயிற்று. அப்புறம் மைக்கேல் பிரவுன் காயம் என்று வெளியேறினார், அடுத்து ராபர்ட் உல்லதார்ன். மீதி ஆறு. ஒரு அணியில் ஏழு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி, எனவே 82-ஆவது நிமிஷத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். வெஸ்ட் பிராம் 3-0 முன்னிலையில் இருந்தது, அந்த முடிவே செல்லும் என்று லீக் தீர்மானித்தது.

வார்னாக்தான் ஆட்டத்தை நிறுத்த ஆட்களை வெளியே வரச் சொன்னார் என்று எதிரணி மேனேஜர் கேரி மெக்சன் பக்கத்தில் கொதித்தார்கள், இவர் மறுத்தார். சான்டோஸும் சஃபோவும் அதற்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு ஆடவே இல்லை. என்னைக் கேட்டால், காயம் பொய்யோ நிஜமோ, கோபத்தில் இருக்கும் ஒருவரை அவருடைய பழைய எதிரி ஆடிக்கொண்டிருக்கும் மேட்சில் இறக்கியதுதான் அன்றைய பெரிய தப்பு. அது முழுக்க மேனேஜர் கணக்கு.

கோப்பை பக்கமே போனதில்லையா?

போனார், 2002-03 சீசனில். ஷெஃபீல்ட் யுனைடெட் இரண்டாம் டிவிஷன் அணியாக இருந்துகொண்டே லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை இரண்டிலும் அரையிறுதி வரை வந்தது. லீக் கோப்பையில் லிவர்பூலிடமும், எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலிடம் 1-0 என்றும் தோற்றார்கள். ஆர்சனல் ஆட்டத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில் பெஸ்கிசோலிடோ தலையால் தள்ளிய பந்தை டேவிட் சீமன் பின்னால் பறந்து ஒரு கையால் வெளியே இழுத்த காட்சி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆர்சனல் கோல் விழுவதற்கு முன் நடுவர் கிரஹாம் போல் தன் ஆள் வழியில் குறுக்கே நின்றுவிட்டார் என்று வார்னாக் இன்னும் புலம்புவார். அதே சீசன் பிளேஆஃப் இறுதியிலும் வுல்வ்ஸிடம் 3-0. மூன்று வாசல், மூன்றும் மூடிக்கொண்டன.

அவருடைய பேரை மாற்றிப்போட்டு ஏதோ கேலி செய்வார்களாமே?

ஆமாம். அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் கோலின் என்ற பெயரும் அதோடு ஒரு கெட்ட வார்த்தையும் வரும். எதிரணி ரசிகர்கள் அவரைக் கோலின் என்றே கூப்பிடுவார்கள். இதற்கு மேல் நான் எழுதமாட்டேன், பென்சில் பேப்பர் எடுத்து நீங்களே பாருங்கள்.

டெவேஸ் விவகாரத்தில் இவர் ஏமாற்றப்பட்டாரா, இல்லை சும்மா அழுகிறாரா?

இதுதான் எப்போதும் சண்டையில் முடிகிற கேள்வி. 2006-இல் சின்ன வயதிலிருந்து தான் ரசித்த ஷெஃபீல்ட் யுனைடெட்டையே பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். அடுத்த சீசன் தொடக்கத்தில் பிரீமியர் லீக்கின் வெஸ்ட் ஹாம் கிளப் கார்லோஸ் டெவேஸ், மஸ்கெரானோ என்ற இரண்டு அர்ஜென்டினாக்காரர்களை எடுத்தது. அந்த ஆட்டக்காரர்களின் உரிமை வெளியாட்களிடம் இருந்ததும், அதை மறைத்ததும் பின்னால் தெரியவந்தது. விதிமீறல் என்று 2007 ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு 55 லட்சம் பவுண்டு அபராதம். பாயிண்ட் எதுவும் குறைக்கவில்லை, டெவேஸ் தொடர்ந்து ஆடினார்.

கடைசி நாள். யுனைடெட் சொந்த மைதானத்தில் விகானோடு டிரா செய்தாலே போதும். 2-1 என்று தோற்றது. விகானின் வெற்றிக் கோலைப் பெனால்டியில் போட்டது யார் தெரியுமா? டேவிட் அன்ஸ்வர்த், அந்த ஜனவரியில் வார்னாக்கே விட்டனுப்பிய ஆள். அதே நாள் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே வெஸ்ட் ஹாம் 1-0 என்று ஜெயித்துத் தப்பித்தது, கோல் போட்டவர் டெவேஸ். விகானும் ஷெஃபீல்டும் 38 பாயிண்ட். கோல் வித்தியாசம் விகானுக்கு கழித்தல் 22, ஷெஃபீல்டுக்கு கழித்தல் 23. ஒரே ஒரு கோல். பெரி கதையில் கோல் வித்தியாசம் நன்றாக இருந்தும் இறங்கினார்கள், இங்கே கோல் வித்தியாசமே இறக்கிவிட்டது. சில நாளில் ராஜினாமா செய்தார். பிறகு நடுவர் மன்றம் ஷெஃபீல்ட் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லி, 2009-இல் வெஸ்ட் ஹாம் சுமார் 2 கோடி பவுண்டு தர ஒத்துக்கொண்டது. பணம் வந்தது, டிவிஷன் திரும்ப வரவில்லை.

என் தீர்ப்பு: ஏமாற்றப்பட்டார், ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கடைசி நாளில் சொந்த மைதானத்தில் ஒரு டிரா எடுக்க முடியவில்லை, விகான் கடைசிக் கட்டத்தில் பத்துப் பேரோடு ஆடியது வேறு. இறங்கும் ஆபத்தில் இருந்த இன்னொரு அணியான ஃபுல்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் பலவீனமான அணியை இறக்கியது என்று அவர் திட்டுவதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை, சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போகும் அணி யாரை ஆடவைக்க வேண்டும் என்பது அவர்கள் பாடு.

பெஞ்சில் மாற்று கோல்கீப்பரே வைக்கமாட்டாராமே, பைத்தியமா?

அப்போது பெஞ்சில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஒரு இடத்தை, பெரும்பாலும் தேவைப்படாத கோல்கீப்பருக்கு ஏன் தருவது என்பது அவர் வாதம். 2006 டிசம்பர் 30 அன்று ஆர்சனலோடு ஆடும்போது கோல்கீப்பர் பேடி கென்னி காயப்பட்டார். டிஃபென்டர் ஃபில் ஜாகியெல்கா கையுறை மாட்டிக்கொண்டு மீதி நேரம் முழுக்க நின்றார். 1-0 என்று யுனைடெட் ஜெயித்தது. பைத்தியம்தான், ஆனால் பலித்த பைத்தியம்.

அவர் அணிகள் ஆடுகிற ஆட்டம் கண்றாவி இல்லையா? பந்தை முன்னால் தூக்கி அடிப்பதுதானே?

கார்டிஃபைப் பார்த்தால் அப்படித் தோன்றும், மறுக்கமாட்டேன். நீண்ட த்ரோ, கார்னர், ஃப்ரீகிக், பெட்டிக்குள் ஷான் மோரிசன், சோல் பாம்பா மாதிரி ஆறடிக்கு மேல் வளர்ந்த டிஃபென்டர்கள். 2016 அக்டோபரில் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த அணியை எடுத்து, அடுத்த சீசனில் 90 பாயிண்டோடு இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அழகு இல்லை, கணக்கு சரியாக வந்தது.

ஆனால் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் அடெல் தாரப்தை வைத்து ஆடியதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். மொராக்கோக்காரரான தாரப்த் மந்திரக் கால்காரர், ஆனால் சொந்தப் பாதியில் பந்து கிடைத்தால் நாலு பேரைத் தாண்டப் போய் இழந்துவிடுவார். வார்னாக் அவரை மாற்ற முயலவில்லை. தாரப்தையே கேப்டனாக்கினார், நம் பாதியில் அவனுக்குப் பந்து கொடுக்கிறவனுக்கு அபராதம் என்று மற்றவர்களிடம் சொன்னார், இதை அவரே சிரித்துக்கொண்டு விவரித்திருக்கிறார். தாரப்த் அந்த சீசனில் 19 லீக் கோல் போட்டார், அணி சாம்பியனாகி மேலே போனது. எட்டு கிளப்பில் நேற்று வந்தவனாகவே நின்ற அனுபவம் இல்லாமல் இந்த மாதிரி ஆளைக் கையாள வராது என்பது என் எண்ணம். பெரிய ஆட்டக்காரராக இருந்திருந்தால் தாரப்தைத் திருத்தப் பார்த்திருப்பார்.

எங்கே போனாலும் அதே ஆட்களைத்தானே வாங்குகிறார்?

பேடி கென்னியை பெரியில் பிடித்தார், அப்புறம் ஷெஃபீல்ட், ரேஞ்சர்ஸ், லீட்ஸ் என்று போன இடமெல்லாம் கூட்டிப் போனார். தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் இருந்ததற்காகக் கென்னி ஒன்பது மாதத் தடை அனுபவித்து வந்த பிறகும் அவரைத்தான் வாங்கினார். கிரெய்க் ஷார்ட் ஸ்கார்பரோவிலும் நாட்ஸ் கவுன்ட்டியிலும் இவரிடம் ஆடியவர், பல வருஷம் கழித்து வயதான காலத்தில் ஷெஃபீல்டிலும் ஆடினார். ஸ்கார்பரோவில் கோல்கீப்பராக இருந்த கெவின் பிளாக்வெல் பிறகு உதவி மேனேஜராகப் பல கிளப்புகளுக்குக் கூடவே வந்தார். இதைச் சோம்பல் என்பவர்கள் உண்டு. புது ஊரில் கடை போடுகிறவர் தெரிந்த சரக்கு மாஸ்டரைக் கூட்டிப்போவது மாதிரிதான் எனக்குப் படுகிறது.

சரி, இவ்வளவு கெட்டிக்காரர் பிரீமியர் லீக்கில் ஏன் ஒரு முறைகூட நிற்கவில்லை?

இந்தக் கேள்விக்கு அவருடைய ரசிகனான எனக்கே முழுப் பதில் இல்லை. உச்ச டிவிஷனில் ஒரு சீசனைத் தொடங்கி, முடித்து, அங்கேயே தங்கியது ஒரு தடவைகூட இல்லை. நாட்ஸ் கவுன்ட்டி 1992-இல் இறங்கியது, ஷெஃபீல்ட் கதை மேலே இருக்கிறது. ரேஞ்சர்ஸில் 2012 ஜனவரியில் 17-ஆம் இடத்தில் இருந்தபோது நீக்கினார்கள், புது மேனேஜரின் கீழ் அதே 17-இல் முடித்துத் தப்பித்தார்கள். 2014-இல் கிரிஸ்டல் பேலஸில் நாலு மாதம், அதுவும் நீக்கம். 2019-இல் கார்டிஃப் 18-ஆம் இடத்தில் வந்து இறங்கியது.

பணம் ஒரு காரணம், அவர் ஏற்றிய அணிகள் பெரும்பாலும் அடுத்த மட்டத்துக்குப் போதாத அணிகள். ஆனால் பணத்தை மட்டும் சொன்னால் நான் பொய் சொல்கிறேன். இதே ஷெஃபீல்ட் யுனைடெட்டை, இதே மாதிரி கிளப் கிளப்பாக ஆடிய உள்ளூர்க்காரர் கிறிஸ் வைல்டர் 2019-இல் ஏற்றி, முதல் சீசனிலேயே ஒன்பதாம் இடத்தில் முடித்தார். வைல்டர் புதிதாக ஒரு ஆட்டமுறை கொண்டுவந்தார், சென்டர்பேக்குகள் விங்கில் ஓடினார்கள், பெரிய அணிகளுக்குக் குழப்பமாக இருந்தது. வார்னாக்கிடம் இருந்தது ஆட்களை எழுப்பிவிடுகிற வித்தை. நாற்பத்தாறு ஆட்டம் கொண்ட கீழ் டிவிஷனில், குளிரிலும் சேற்றிலும், மனம் விட்டுப்போன இருபது பேரை எழுப்புவதற்கு அது போதும். மேல் டிவிஷனில் எல்லோரும் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார்கள்.

எமிலியானோ சாலா விஷயத்தில் இவருக்கு என்ன பங்கு?

கார்டிஃப் 2019 ஜனவரியில் பிரான்சின் நான்த் கிளப்பிலிருந்து சாலாவை 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது, கிளப்பின் சாதனை விலை. சில நாளில், 21-ஆம் தேதி இரவு, அவர் வந்த சின்ன விமானம் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்தது. அவரும் விமானியும் இறந்தார்கள். வார்னாக் கோல் போட ஆள் வேண்டும் என்று தேடி எடுத்த ஆட்டக்காரர் அவர், அவ்வளவுதான் பங்கு. அந்த வாரம் வேலையை விட்டுவிட நினைத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். விடவில்லை. அந்த அணி அந்த நிலையில் கடைசி வாரங்கள் வரை இறங்காமல் போராடியதே ஆச்சரியம்.

ஓய்வு பெறுகிறேன் என்று எத்தனை முறை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்?

எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அதிகாரப்பூர்வமாக 2022 ஏப்ரலில் அறிவித்தார். 2023 பிப்ரவரியில், 74 வயதில், ஹடர்ஸ்ஃபீல்ட் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். கடைசி இடங்களில் தத்தளித்த அணியைக் காப்பாற்றினார். இறங்கமாட்டோம் என்று உறுதியான ஆட்டம் யாரோடு என்றால், ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு, 1-0. 2016-இல் ராதரத்திலும் இதே மாதிரிதான், பிப்ரவரியில் வந்து பதினொரு ஆட்டம் தோற்காமல் ஓட்டி மே மாதம் கிளம்பினார்.

2024-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போனது மட்டும் சரிவரவில்லை. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லை, ஆனால் கோப்பைக் காலிறுதியில் கில்மார்னக்கை 3-1 என்று ஜெயித்துவிட்டு அன்றைக்கே போய்வருகிறேன் என்றார். ஜெயித்த கையோடு விலகுகிற மேனேஜரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு டார்க்கி கிளப்பில் ஆலோசகர். 1993-இல் அவர் லீக்கை விட்டு இறங்காமல் காத்த அதே டார்க்கி.

எல்லாம் சரி, ஒரே ஒரு மேட்ச் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

2018 ஏப்ரல் 6, கார்டிஃப் எதிர் வுல்வ்ஸ். ஒரு பக்கம் பெரும் பணம், போர்ச்சுகல் நட்சத்திரங்கள், மேனேஜர் நூனோ என்று வுல்வ்ஸ். இன்னொரு பக்கம் மேலே சொன்ன கார்டிஃப். வுல்வ்ஸ் 1-0 முன்னிலை. தொண்ணூறு நிமிஷத்துக்குப் பிறகு சேர்த்த நிமிஷங்களில் கார்டிஃபுக்குப் பெனால்டி, மேடின் அடித்ததை வுல்வ்ஸ் கோல்கீப்பர் ரடி தடுத்தார். சில நிமிஷத்தில் இன்னொரு பெனால்டி, ஹாய்லெட் அடித்தது கம்பியில் பட்டது. விசில் ஊதியதும் நூனோ மைதானத்துக்குள் ஓடிக் கொண்டாடினார், பிறகு கை கொடுக்க வந்தார், வார்னாக் கொடுக்கவில்லை, கொடுத்த வார்த்தைகளை டிவி ஒலி அணைத்துவிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து மே 6 அன்று அதே மைதானத்தில் ரெடிங்கோடு 0-0 டிரா, கார்டிஃபும் பிரீமியர் லீக்குக்குப் போனது. ஏப்ரல் ஆட்டத்தைப் பார்க்கும்போது கடைசிப் பத்து நிமிஷத்தில் பந்தை விட்டுவிட்டு டச்லைனையே பாருங்கள்.